ஒரு நாள் விடுமுறைக்கு ஓர் ஊர் போதும்

 

தீபாவளிக்கு முதல் நாளோடு சிவகாசி வட்டாரம் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடும். ஆண்டு முழுதும் மருந்து வாடையையும் மை வாடையையும் சுமந்து திரிந்த காற்று, அந்தச் சில நாட்களில்தான் வெறுங்காற்றாக வீசும். பட்டாசு ஆலைகளின் கதவுகள் மூடியிருக்கும். அவற்றை நம்பி ஓடும் பெட்டிக் கடைகளும், சுமை வண்டிகளும், காகித வணிகமும் ஓய்ந்திருக்கும். பண்டிகை நமதன்று. எனினும் ஓய்வு நமக்கும் உரியதாகிறது. நம் பெருநாட்களிலோ ஒரு நாள் விடுப்புக் கிடைத்தால் மறுநாள் காலையில் வேலைக்குச் சென்றாக வேண்டும். எனவே அத்தாவும் அம்மாவும் பிள்ளைகளும் பெரியவர்களும் ஒரே கூரையின் கீழ்ப் பகலில் ஒன்றாக இருக்கும் நாட்கள் நம் குடும்பங்கள் பலவற்றுக்கு ஆண்டில் இவை மட்டுமே.

சென்ற திங்கள் சிவகாசிச் சகோதரி ஒருவர் ‘இல்லறச் சோலை’க்கு எழுதிய மடல் இதைப் பற்றியதே. கணவர் அச்சகத்தில் பணிபுரிகிறார். விடுமுறை மூன்று நாள். பிள்ளைகள் இருவர். மாமியாருக்கு முழங்கால் வலி. மதுரை, குற்றாலம், ஏர்வாடி, காயல்பட்டினம் என ஏழு இடங்களை வரிசையாக எழுதி, “இவற்றை மூன்று நாட்களில் பார்த்து வர வழி சொல்லுங்கள்” என்று கேட்டிருக்கிறார்.

அந்தச் சகோதரிக்கு நான் கூறும் விடை சுருக்கமானது: ஏழில் ஆறை அடித்துவிடுங்கள். ஏன் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன் என்பதை என் வீட்டுக் கதையைக் கொண்டே விளக்குகிறேன்.

நாங்கள் செய்த பிழை

சில ஆண்டுகளுக்கு முன் இதே போன்றதொரு விடுமுறையில், நாங்களும் என் நாத்தனார் குடும்பத்தாருமாகப் பதினாறு பேர் ஒரு வேன் அமர்த்திக்கொண்டு புறப்பட்டோம். மதுரையில் மூன்று இடங்கள். அதற்கு மேல் வைகை அணை. “வாடகை கொடுக்கிறோமே, நான்கு இடமாவது பார்க்க வேண்டாமா?” என்பது ஆண்களின் கணக்கு. பெண்களாகிய நாங்கள் இரவு இரண்டு மணிக்கே எழுந்து சோறாக்கிக் கட்டினோம். நான்கு மணிக்கு வண்டி கிளம்பியது. நள்ளிரவில் வீடு திரும்பினோம். இருபது மணி நேரத்தில் ஏறத்தாழப் பாதி வண்டிக்குள்ளேயே கழிந்தது. ஓரிடத்துக்கு அன்று வார விடுமுறை என்பது வாசலுக்குச் சென்ற பிறகே எங்களுக்குத் தெரிந்தது. அஸர் தொழுகையின் நேரம் ஓடும் வண்டியில் நழுவப் பார்த்தது. திரும்பும் வழியில் ஓட்டுநரின் தலை ஒருமுறை சாய்ந்ததை என் கணவர் கவனித்துவிட்டார். வண்டியைச் சாலையோரத் தேநீர்க் கடையில் நிறுத்தி, அவரை ஒரு மணி நேரம் தூங்கச் செய்த பிறகே பயணத்தைத் தொடர்ந்தோம். அல்லாஹ் காப்பாற்றினான்.

மறுநாள், எண்பதை நெருங்கிய எங்கள் நன்னி, யாரையும் குறை கூறாமல், “நான் பார்த்ததெல்லாம் அந்த வேன் கண்ணாடியைத்தான்” என்றார்கள். படியேற இயலாத அவர்களை ஒவ்வோர் இடத்திலும் வண்டியிலேயே உட்கார வைத்துவிட்டு, “இதோ வந்துவிடுகிறோம்” என்று நாங்கள் ஓடியிருந்தோம். அவர்களோடு துணைக்கு இருந்தவர் இரண்டு மணிக்கே எழுந்து சமைத்த என் மாமி. அவர் அமர்ந்தபடியே உறங்கிப் போனார். சுற்றுலா என்று பெயர் சூட்டி, வீட்டின் மூத்தவரைக் காவலிலும் உழைத்தவரை அசதியிலும் நிறுத்தினோம் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

ஜப்பானியர் கற்பிப்பது

குறுகிய விடுமுறை நமக்கு மட்டும் உரிய சிக்கலன்று. ஓயாத உழைப்புக்குப் பெயர்பெற்ற ஜப்பானில், ஏப்ரல் 29 தொடங்கி மே 5 வரையிலான ஒரு வாரத்தில் நான்கு அரசு விடுமுறைகள் நெருங்கி வருகின்றன. அதனை அவர்கள் ‘பொன் வாரம்’ என அழைக்கின்றனர். அந்நாட்களில் நாடே பயணம் செய்கிறது. இருப்பூர்திகளில் இடம் கிடைப்பது அரிது. அங்கே செல்வோருக்கு அனுபவசாலிகள் கூறும் அறிவுரை யாதெனில், ஊருக்கு ஊர் மூட்டையைச் சுமந்து அலையாமல், ஒரே ஊரில் தங்கி, காலையில் பக்கத்து ஊருக்குச் சென்று மாலையில் திரும்புக என்பதே. ஒசாகாவிலிருந்து பழம்பெரும் தலைநகரான கியோத்தோவுக்கு விரைவு வண்டியில் அரை மணி நேரமே ஆகும். ஒரு நாள் கியோத்தோ. மறுநாள் மான்கள் உலவும் நாரா. அதற்கடுத்த நாள் கடற்கரை நகரமான கோபே. ஒரு நாளுக்கு ஓர் ஊர் என்பதே முறை.

கோபே நகரைப் பற்றி நம் வாசகர்கள் அறிய வேண்டிய ஒன்றுண்டு. ஜப்பானின் முதல் பள்ளிவாசல் 1935-இல் அங்கேதான் எழுந்தது. அதற்குப் பொருளுதவி செய்தவர்களுள் அத்துறைமுகத்தில் வாணிபம் செய்த இந்திய முஸ்லிம்களும் இருந்தனர். 1945-ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் சுற்றுப்புறம் எரிந்தபோதும், 1995 ஜனவரியில் பெரும் நிலநடுக்கம் நகரைக் குலுக்கியபோதும் அப்பள்ளி நிலைத்து நின்றது. ஏழு இடங்களைத் தொட்டுவிட்டு ஓடுபவர் இத்தகைய ஒரு பள்ளியின் நிழலில் இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு அமர்ந்திருக்க முடியுமா?

ஒசாகாவுக்கும் கியோத்தோவுக்கும் இடைப்பட்ட இருப்புப்பாதை நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். விருதுநகருக்கும் மதுரைக்கும் இடைப்பட்ட பாதையும் ஏறத்தாழ அதே நீளந்தான். அவர்களுக்கு வாய்த்த வசதி ஓரளவு நமக்கும் வாய்த்திருக்கிறது. அதனைப் பயன்படுத்தும் முறையைத்தான் நாம் பழக வேண்டும்.

தொழுகை நேரமே அட்டவணை

பயணத் திட்டம் தீட்ட நமக்குத் தனியே ஒரு நூல் வேண்டியதில்லை. ஐவேளைத் தொழுகையே அதற்குப் போதுமான அட்டவணை. சுப்ஹு தொழுது புறப்படுக. ஒன்பது மணியளவில் சென்று சேர்க. ளுஹருக்கு முன் ஓரிடம். தொழுதபின் உணவும் ஒரு மணி நேர ஓய்வும். விருப்பமிருந்தால் அஸருக்கு முன் இன்னோரிடம். அஸர் தொழுததும் திரும்பும் பயணம். தீபாவளியை ஒட்டிய நாட்களில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மஃக்ரிபை வழியில் தொழுதாலும் இஷாவை உங்கள் மஹல்லாவில் தொழலாம். இக்கட்டத்துக்குள் இரண்டு இடங்களுக்கு மேல் அடங்குவதில்லை.

பயணத்தில் தொழுகையைச் சுருக்கலாமே எனச் சிலர் கேட்பர். மார்க்க அறிஞர்கள் பலர் அதற்குரிய தொலைவை ஏறத்தாழ 77 கிலோமீட்டர் என்றும், சிலர் 80-க்கும் சற்று அதிகம் என்றும் கணக்கிடுகின்றனர். சிவகாசியிலிருந்து மதுரை சுமார் 75 கிலோமீட்டர். ஆகவே அது இவ்வெல்லைக்குள் அடங்கிவிடுகிறது. தென்காசியோ இவ்வெல்லையைத் தாண்டியது. இரண்டு நேரத் தொழுகைகளைச் சேர்த்துத் தொழுவதிலும் ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. புறப்படுமுன் தத்தம் பள்ளி இமாமிடம் கேட்டுத் தெளிவது நன்று.

பெண்களுக்கு இதைவிடப் பெரிய கேள்வி, எங்கே ஒளுச் செய்வது, எங்கே தொழுவது என்பது. எல்லாப் பள்ளிகளிலும் பெண்களுக்கு இடவசதி இல்லை. ஆண்கள் உள்ளே தொழுதுகொண்டிருக்க, வெளியே வெயிலில் குழந்தையை இடுப்பில் ஏந்தி நிற்கும் தாய்மாரை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். செல்லும் ஊரில் உறவினரோ தெரிந்தவரோ இருந்தால் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஒரு விரிப்பும், ஒளுவுக்கு என்றே ஒரு புட்டி நீரும் உடன் இருக்கட்டும். பூமி முழுவதும் நமக்குத் தொழுமிடமாக ஆக்கப்பட்டுள்ளது. வழியை மறைக்காமல், தூய்மையான ஓர் ஓரம் கண்டால் அதுவே போதும். பெண்களின் தொழுகைக்கும் கழிப்பிடத்துக்கும் வழி காணாத பயணத் திட்டம் பாதித் திட்டமே.

எங்கே செல்லலாம்?

*மதுரை:* பேருந்தில் சென்றால் நகரின் வடகிழக்கு ஓரமான மாட்டுத்தாவணியில் இறங்க நேரும். அங்கிருந்து ஊருக்குள் வர மீண்டும் ஒரு பேருந்து. இருப்பூர்தியோ நகரின் நடுவே கொண்டுபோய் இறக்கிவிடும். சந்திப்பு நிலையத்திலிருந்து காஜிமார் தெருப் பெரிய பள்ளிவாசல் தொலைவில் இல்லை. 1636-இல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மகால், தமுக்கம் பகுதியில் ராணி மங்கம்மாளின் பழைய அரண்மனையில் 1959-இல் தொடங்கிய காந்தி நினைவு அருங்காட்சியகம், நத்தம் சாலையில் 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம், நகருக்குத் தென்கிழக்கே அதே ஆண்டு திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகம் ஆகியவற்றுள் ஒன்றையோ இரண்டையோ தேர்ந்துகொள்ளுங்கள். படிக்கும் பிள்ளைகள் இருந்தால் நூலகமோ கீழடியோ நன்று. எந்த இடமாயினும் வார விடுமுறை எந்நாள் என்பதை முதல் நாளே விசாரித்துவிடுங்கள்.

*குற்றாலம்:* சிவகாசியிலிருந்து செங்கோட்டை நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை ஸ்ரீவில்லிபுத்தூர், இராசபாளையம், சங்கரன்கோவில், கடையநல்லூர் வழியாகத் தென்காசியை அடைகிறது. கடையநல்லூரிலும் தென்காசியிலும் நம்மவர்க்கு உறவுகள் மிகுதி. ஆனால் குற்றாலத்தின் இனிய சாரற்காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரை. தீபாவளியை ஒட்டி வருவதோ வடகிழக்குப் பருவமழை. மலையுச்சியில் பெய்யும் மழை அடிவாரத்தில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. அருவியில் நீர் திடீரெனப் பெருகும். 2024 மே 17-இல் பழைய குற்றாலத்தில் அவ்வாறு வந்த வெள்ளம் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவனின் உயிரைக் கொண்டு சென்றது. குளிக்கத் தடை என்று காவலர் சொன்னால் வாதாடாதீர்கள். அன்று உறவினர் வீட்டில் தேநீர் அருந்தித் திரும்பினாலும் அது நல்ல பயணமே.

*விருதுநகர், ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர்:* கைக்குழந்தை உள்ள வீட்டாருக்கு அரை நாள் பயணம் போதும். விருதுநகரில் 1903-இல் பிறந்த காமராசர் வாழ்ந்த எளிய இல்லத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். முதலமைச்சராக இருந்தவர் வளர்ந்த வீடு எத்துணைச் சிறியது என்பதை அவர்களே அளந்து பார்க்கட்டும். திரும்பும்போது அவ்வூர் எண்ணெய்ப் பரோட்டா. ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவா; சாத்தூர் என்றால் காராச்சேவு.

*ஏர்வாடி, காயல்பட்டினம்:* இவை ஒரு நாளில் ஓடிப்போய்த் திரும்பும் தொலைவில் இல்லை. தங்கிச் செல்ல வாய்ப்பு வரும்போது செல்லலாம்.

புறப்படுமுன் சில

மூவர் பயணம் செய்தாலும் ஒருவரைத் தலைவராக்கிக் கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்துள்ளார்கள். தலைவர் என்பவர் கட்டளையிடுபவர் அல்லர். யார் களைத்தார், யார் பசித்தார், யாருக்கு மருந்து வேளை வந்தது எனக் கணக்கு வைப்பவர்.

சமையல் பெண்களின் தலையில் மட்டும் விழ வேண்டாம். பிரியாணி இல்லாவிட்டால் குடி முழுகிவிடாது. ஜப்பானில் இருப்பூர்தி நிலையங்களில் ‘எகிபென்’ எனும் உணவுப் பொதி விற்கிறார்கள். ஆறிய நிலையில் உண்பதற்கென்றே பக்குவமாக ஆக்கிய உணவு. நம் புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் துவையலும் அதே இனத்தவை. முதல்நாள் மாலையே ஆண்களும் பிள்ளைகளும் கைகொடுத்தால், சுப்ஹுக்கு எழுந்து கிண்டிக் கட்டிவிடலாம். இரவு இரண்டு மணிக்கு யாரும் எழ வேண்டியதில்லை.

நம் வட்டாரத்தார்க்கென்றே ஓர் எச்சரிக்கை. உறவினர் வீட்டுப் பிள்ளைகளுக்கு என மிச்சப் பட்டாசுகளைப் பையில் திணித்துச் செல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. இருப்பூர்தியில் பட்டாசு கொண்டு செல்வது குற்றம். 1989-ஆம் ஆண்டு இரயில்வே சட்டப்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்கு அது இடமளிக்கிறது. 2023 ஆகஸ்ட் 26-இல் மதுரை நிலையத்தருகே நின்றிருந்த சுற்றுலாப் பெட்டி ஒன்றில், விதிக்கு மாறாக எடுத்து வந்த எரிவாயு உருளையால் தீப்பற்றி ஒன்பது பயணிகள் உயிரிழந்தனர். தீயின் இயல்பை நம் ஊராரைவிட அறிந்தவர் யார்? தொழிலில் கடைப்பிடிக்கும் கவனம் பயணத்திலும் இருக்கட்டும். அதேபோல், வாடகை குறைவு என்பதற்காகச் சரக்கு ஊர்தியின் பின்புறத்தில் குடும்பத்தை ஏற்றாதீர்கள். இரவெல்லாம் விழித்த ஓட்டுநரை மறுநாளும் ஓட்டச் சொல்லாதீர்கள்.

நன்னியின் எட்டயபுரம்

அடுத்த ஆண்டு விடுமுறை வந்தபோது நாங்கள் நன்னியிடமே கேட்டோம்: “எங்கே போகலாம்?” அதுவரை அவர்களிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. சற்று நேரம் யோசித்துவிட்டு, “உமறுப் புலவர் ஊருக்கு” என்றார்கள்.

சிவகாசியிலிருந்து சாத்தூர், கோவில்பட்டி வழியாக எட்டயபுரம் அறுபது கிலோமீட்டருக்குள்தான். விருதுநகரார் அருப்புக்கோட்டை வழியாகவும் செல்லலாம். கோவில்பட்டியிலிருந்து தூத்துக்குடி செல்லும் பேருந்துகள் அவ்வூர் வழியே போகின்றன. பேருந்திலேயே சென்றோம். கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டோம். பத்து மணிக்கு முன்பே எட்டயபுரத்தில் இருந்தோம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என மூன்று காண்டங்களாகப் பாடிய உமறுப் புலவர், அவ்வூர் அரசவையில் வீற்றிருந்தவர். சீறாப்புராணம் அவர் காலத்துக்கு வெகுநாள் கழித்து 1842-இல்தான் அச்சேறியது. அவர் அடங்கிய அதே சிற்றூரில் 1882-இல் பாரதியார் பிறந்தார். 1835-இல் இசைமேதை முத்துசுவாமி தீட்சிதர் மறைந்தார். அடுத்தடுத்த தெருக்களில் மூன்று நினைவிடங்கள். அவரவர் சமயம் வேறு. அவர்களை அரவணைத்த ஊர் ஒன்று. இதனைப் பிள்ளைகளுக்கு நான் விளக்கத் தேவையே இருக்கவில்லை. நடந்தே பார்த்துக்கொண்டார்கள்.

உமறுப் புலவர் மணிமண்டபத்தில் நன்னி அமர்ந்தார்கள். யாரும் அவர்களை அவசரப்படுத்தவில்லை. தம் அத்தா, ரபீஉல் அவ்வல் மாத இரவுகளில் அரிக்கேன் விளக்கின் முன் சீறாவை ஓதிப் பொருள் சொல்ல, தெருவே திண்ணையில் கூடியிருந்து கேட்டதைச் சொல்லத் தொடங்கினார்கள். எங்கள் வீட்டில் அப்படியொரு வழக்கம் இருந்தது என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். என் மகன், “அந்தப் புத்தகம் இப்போது எங்கே நன்னி?” என்று கேட்டான். “உன் பெரியத்தா வீட்டுப் பரணில் இருக்கும்” என்றார்கள். ஊர் திரும்பிய மறுநாளே அவன் பரணில் ஏறினான். ஓரங்கள் செல்லரித்திருந்தன. உள்ளே எழுத்து அப்படியே இருந்தது.

அந்த ஆண்டு நாங்கள் பார்த்தது ஒரே ஊர். மஃக்ரிபுக்குச் சற்றுப் பின்னே வீட்டில் இருந்தோம். அதற்கடுத்த விடுமுறைக்கு நன்னி இல்லை. இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். அந்தப் பகலை மட்டும் நாங்கள் நான்காகப் பிரிக்காமல் முழுதாக அவர்களுக்குக் கொடுத்தோம் என்பதே இன்று எங்களுக்கு ஆறுதல்.

மடல் எழுதிய சகோதரியே! உங்கள் பட்டியலில் அடிக்காமல் விடும் அந்த ஓர் ஊர் எது என்று நான் சொல்லப் போவதில்லை. முழங்கால் வலியோடு உங்கள் வீட்டில் இருக்கும் அந்தப் பெரிய மனுஷியிடம் கேளுங்கள். அவர் வாயிலிருந்து வரும் ஊர்தான் உங்கள் முதல் நாள் பயணம். இரண்டாம் நாள் பிள்ளைகளின் விருப்பப்படி அருகில் ஓர் ஊர். மூன்றாம் நாள் எங்கும் செல்லாதீர்கள். உறங்குங்கள், துணி துவையுங்கள், பார்த்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருங்கள். பயணம் உறக்கத்தையும் உணவையும் பறிக்கும் ஒரு வகை வேதனை என்றும், வந்த காரியம் முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்புக என்றும் அறிவுறுத்தியவர்கள் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். அவ்வேதனையை ஏழு மடங்காக்கிக் கொள்வது விவேகமாகாது.

வல்ல அல்லாஹ் நம் பயணங்களை எளிதாக்கி, சென்றவாறே நலமுடன் இல்லம் சேர்ப்பானாக! ஆமீன்.